ரோபோவுக்கு மணி தெரியவில்லை!

இரவு உங்கள் புதுக் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்கிறீர்கள். சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் காலை ஆன் செய்தால், திரையின் வலது கீழ் மூலையில் சரியான மணி தெரிகிறது. இரவு முழுக்க அதற்கு மின்சாரமே இல்லையே, பிறகு எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்த கோடை விடுமுறையில் ஒரு ரோபோ என்னைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. அந்தக் குட்டு என்னைவிட இன்னொருவருக்குத்தான் அதிகம் வலித்தது.

2018 மே மாதம். சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தின் ரோபாட்டிக்ஸ் மற்றும் கம்ப்யூட்டிங் ஆய்வகத்தில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக் கூப்பன் மட்டும் உண்டு. ரோபோ என்றால் சினிமாவில் வருவது போல் கை கால் வைத்து நடந்து வரும் என்ற நினைப்பில் போனேன். பேராசிரியர் காட்டியது டிபன் கேரியர் அளவில் நான்கு சக்கரம் வைத்த ஒரு வண்டி. அக்ரிலிக் தட்டு, இரண்டு மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு, அதற்கு மேல் ஒரு ராஸ்பெர்ரி பை. பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு வாரத்தில் அது போய்விட்டது.

ராஸ்பெர்ரி பை என்பது கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு அளவுள்ள முழுக் கம்ப்யூட்டர். பிராசஸர், மெமரி, யுஎஸ்பி சாக்கெட், மானிட்டர் மாட்டும் இடம் எல்லாம் அந்தச் சின்ன போர்டில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக செல்போனில் போடும் மெமரி கார்டு. எங்கள் ரோபோவில் இருந்தது மாடல் 3. ஆர்டுயினோ அதற்குத் தம்பி மாதிரி. மானிட்டரும் கிடையாது, விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் கிடையாது. மோட்டாரை இயக்குவது, சென்சாரைப் படிப்பது போன்ற சில்லறை வேலைகளை மட்டும் விடாமல் செய்யும்.

ஆய்வகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். ரோபோ தன் சக்கரச் சுற்றை எண்ணி 'நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்' என்று கணக்குப் போடுகிறதே, அந்தக் கணக்கு எந்தத் தரையில் எவ்வளவு தப்புகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கள் சக்கரத்தின் விட்டம் 6.5 செ.மீ. ஒரு சுற்றுக்கு 20.4 செ.மீ. நகரும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டில் 20 துளைகள். ஒரு துளை சென்சாரைக் கடந்தால் ஒரு துடிப்பு, அதாவது சுமார் ஒரு செ.மீ. ரோபோ 10 மீட்டர் ஓடினால் 980 துடிப்பு வர வேண்டும். டைல்ஸ் தரையில் ஏறத்தாழ அப்படித்தான் வந்தது. தேங்காய் நார் மிதியடிகளை வரிசையாகப் போட்டு அதன் மேல் ஓட்டினால் சக்கரம் வழுக்கும். ரோபோ 10 மீட்டர் என்று சொல்லும், டேப் வைத்து அளந்தால் குறைவாக இருக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை எளிது. ரோபோ ஓடும்போது வரும் துடிப்புகளை நொடிக்கு 20 முறை ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டில் ஒரு பைலாகப் பதிவு செய்ய வேண்டும். பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி பைல். பைலுக்குப் பெயர்? தேதி, மணி, நிமிடம் மூன்றையும் சேர்த்து வைத்தேன். இரண்டு ஓட்டங்கள் ஒரே நிமிடத்தில் நடக்க வழியே இல்லை, ஆகவே பெயர் மோதாது. நல்ல யோசனை என்று பேராசிரியரும் தலையாட்டினார்.

கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்துமிடத்தில் மூன்று நாள் சோதனை நடத்தினோம். காலையில் மேலே ஆய்வகத்தில் ராஸ்பெர்ரி பையை ஆன் செய்து புரோகிராமைச் சரிபார்த்து, முறைப்படி ஷட் டவுன் செய்து, கீழே தூக்கிக்கொண்டு போவோம். எல்லா ஓட்டமும் ஒரே அளவு சார்ஜில் தொடங்க வேண்டும் என்பதால், ஓட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏறிய வேறொன்றை மாட்டுவோம். பைலை கார்டில் எழுதி முடித்ததும் ஒரு பச்சை விளக்கு எரியும். அது எரிந்தால் போதும், ஷட் டவுன் எல்லாம் செய்யாமல் நேராகப் பேட்டரியைப் பிடுங்கிவிடுவோம். அங்கே ஃபேன் இல்லை, ஒரே புழுக்கம். ஷட் டவுனுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்பதே உண்மை. அக்கா ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் நேரமும் தூரமும் எழுதுவார். நாளுக்கு 14 வீதம் மூன்று நாளில் 42 ஓட்டம்.

நான்காம் நாள் காலை மெமரி கார்டைக் கழற்றி ஆய்வகக் கம்ப்யூட்டரில் போட்டேன். போல்டரைத் திறந்தால் நான்கு பைல்கள்.

அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நாற்பத்திரண்டு தடவை ஓட்டினோமே, மத்ததெல்லாம் எங்க?"

வேறு போல்டரில் இருக்கும் என்று தேடினேன். கார்டை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அழிந்த பைல்களை மீட்கும் சாப்ட்வேரை ஓட்டினேன். அரைகுறைத் துண்டுகள் கிடைத்தன, எது எந்த ஓட்டம் என்று சொல்ல முடியவில்லை. அவருடைய கட்டுரையை அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. இடையில் ஊருக்குப் போய்வர ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார்.

என்ன நடந்தது?

உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பின் மதர்போர்டில், ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான ஒரு பேட்டரி இருக்கும். அதன் மேல் சிஆர் 2032 என்று அச்சிட்டிருப்பார்கள். 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். மின்அழுத்தம் 3 வோல்ட். நீங்கள் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மதர்போர்டில் உள்ள ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது இந்தப் பேட்டரிதான். கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த வினோதமான எண்? இதைப் பாதியாக்குங்கள், 16,384. மறுபடியும் பாதி, 8,192. இப்படி 15 முறை செய்தால் சரியாக ஒன்று வரும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிதான வேலை. ஆகவே கடைசியில் நொடிக்கு ஒரு 'டிக்' கிடைக்கிறது. உங்கள் சுவர்க் கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே எண்தான் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

ராஸ்பெர்ரி பை 3ல் இந்தப் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. விலையைக் குறைக்க விட்டுவிட்டார்கள். நெட் இணைப்பு கிடைத்தால் அங்கிருந்து மணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நெட் இல்லாவிட்டால்? அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் செய்யும்போது அந்த நேரத்தை கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி ஆன் ஆகும்போது அதைப் படித்து, 'இப்போது மணி இதுதான் போலிருக்கிறது' என்று அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். தூங்கி எழுந்தவர் கண்ணை மூடிய நிமிடத்திலிருந்து மணியை எண்ணுவது போல.

இப்போது எங்கள் அடித்தளத்துக்கு வாருங்கள். காலை 9.30க்கு மேலே முறைப்படி ஷட் டவுன் செய்தோம். கார்டில் 9.30 பதிவாயிற்று. கீழே வைஃபை எட்டாது. ஆன் செய்ததும் ரோபோவுக்கு மணி 9.30. ஓட்டம் முடிந்து பேட்டரியைப் பிடுங்கினோம், ஷட் டவுன் இல்லை, புது நேரமும் எழுதப்படவில்லை. அடுத்த பேட்டரியை மாட்டினால் மறுபடி 9.30. மதியம் சாப்பிட்டு வந்த பிறகும் 9.30. ஒவ்வொரு பைலுக்கும் ஒரே பெயர். ஒவ்வொரு ஓட்டமும் அதற்கு முந்தைய ஓட்டத்தின் மேலேயே எழுதப்பட்டது. மூன்று நாளுக்கு மூன்று பைல். ஒரு நாள் மட்டும் பூட் ஆகி முடிக்கும் நேரம் நிமிட எல்லையில் விழுந்ததால் ஒரு பைல் கூடுதல்.

கடிகாரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. பைத்தானில் பைலைத் திறக்கும்போது 'டபிள்யூ' என்று எழுதினால், அதே பெயரில் ஏற்கெனவே பைல் இருந்தாலும் அதைக் காலி செய்துவிட்டு எழுதும். 'எக்ஸ்' என்று எழுதினால், பைல் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஒரே ஒரு எழுத்து. முதல் நாள் இரண்டாவது ஓட்டத்திலேயே புரோகிராம் நின்றிருக்கும், நாங்களும் விழித்துக்கொண்டிருப்போம். நான் பழக்க தோஷத்தில் 'டபிள்யூ' போட்டிருந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது. அக்காவிடம் போய், தப்பு என் புரோகிராமில்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஷட் டவுன் பண்ணாம புடுங்கினது நானும்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. அன்று இரவே ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஎஸ் 3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கி வந்து ரோபோவில் பொருத்தினேன். சிப்புக்குப் பின்னால் சின்ன வட்ட பேட்டரி இருக்கும். சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. பைல் பெயரில் தேதியோடு ஓட்டத்தின் வரிசை எண்ணையும் சேர்த்தேன். 'எக்ஸ்' போட்டேன். (2023ல் வந்த ராஸ்பெர்ரி பை 5 மாடலில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அதை வாங்கினால் மறக்காதீர்கள்.)

உங்கள் கம்ப்யூட்டரில்...

ரோபோவின் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டு ஜூலையில் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் 'நெட் வேலை செய்யவில்லை' என்றார் அப்பா. எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கை வந்தது. பார்க்க வந்தவர் மோடத்தை மாற்றச் சொல்லி 1,500 ரூபாய் கேட்டிருந்தார். நான் போய்ப் பார்த்தது வலது கீழ் மூலையைத்தான். தேதி 2009 ஜனவரி 1!

பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இணையதளங்களுக்கு 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2009ல் இருந்தால், 2018ல் கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். ஆகவே நம்ப மறுக்கிறது. குரோம் பிரவுசர் பல நேரங்களில் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். முப்பது ரூபாய் பேட்டரியில் அப்பாவின் நெட் சரியாகிவிட்டது.

பேட்டரி தீர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவிட்சை அணைத்து வைத்த ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'சிமாஸ்' என்று தொடங்கும் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அப்படியானால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் நீங்களே செய்யலாம். ஷட் டவுன் செய்து பவர் வயரைக் கழற்றுங்கள். கேபினெட்டைத் திறந்ததும் அதன் இரும்புப் பகுதியை ஒருமுறை கையால் தொடுங்கள், உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். எதையும் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் ஓரத்தில் உள்ள சின்ன கிளிப்பை அழுத்தினால் அது மேலே எழும்பும். புதியதை ப்ளஸ் குறி முன்பு இருந்த அதே பக்கம் இருக்கும்படி வையுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப் 2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரிசெய்து சேவ் செய்யுங்கள். லேப்டாப் என்றால் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கழற்றிய பேட்டரியை மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். 'தானாக வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தாலும் குவார்ட்ஸ் கடிகாரம் நாளடைவில் சில நொடிகள், நிமிடங்கள் பிசகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் டேட் அண்ட் டைம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' ஆன் நிலையில் இருக்கட்டும். சற்றுக் கீழே 'சிங்க் நவ்' என்ற பட்டனை அழுத்தினால் நெட்டிலிருந்து உடனே நேரத்தை வாங்கிக்கொள்ளும். மணி சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், டைம் ஜோன் தப்பு. பட்டியலில் +05:30 என்பதைத் தேடுங்கள். அந்த வரியில் முதல் பெயரே சென்னைதான், டெல்லி கடைசியில்தான் வரும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்!

நெட்டிலிருந்து மணியைக் கேட்டால், பதில் வந்து சேருவதற்குள் கொஞ்ச நேரம் கழிந்துவிடுமே என்று ஒரு சந்தேகம் எழலாம். நியாயமான சந்தேகம். 1985ல் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி அறிமுகப்படுத்திய என்டிபி என்ற முறை இதை அழகாகச் சமாளிக்கிறது. கேள்வி புறப்பட்ட நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் உங்கள் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். போய்வர 80 மில்லி செகண்ட் ஆனால், ஒரு வழிக்கு 40 என்று வைத்துக்கொண்டு வந்த பதிலோடு அதைக் கூட்டிக்கொள்ளும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுத்தால் கணக்கு மிகச் சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயம், பைல்களுக்குப் பெயர் வைப்பது. 14-06-2018 என்று நாளை முதலில் போட்டால், பெயர் வரிசையில் அடுக்கும்போது எல்லா மாதத்து 14ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். 2018-06-14 என்று ஆண்டை முதலில் போட்டுப் பாருங்கள், பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். 'அதுதான் விண்டோஸே பைலின் தேதியைக் காட்டுகிறதே' என்று இருந்துவிட வேண்டாம். பழைய போட்டோவை பென் டிரைவிலிருந்து காப்பி செய்தால், 'டேட் கிரியேட்டட்' என்ற இடத்தில் காப்பி செய்த இன்றைய தேதி வரும். 'டேட் மாடிஃபைட்' பழைய தேதியாகவே இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட பைல்! பைலுக்குக் கிடைக்கும் தேதி எல்லாம் எந்தக் கடிகாரம் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்பதைப் பொறுத்ததுதான்.

காப்பி செய்யும்போது 'இதே பெயரில் பைல் இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யவா, ஸ்கிப் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும் அல்லவா? பழக்கத்தில் ரீப்ளேஸை அழுத்திவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத புரோகிராமைத்தான் நான் எழுதியிருந்தேன்.

ஆய்வகத்துக் கதையை பாதியில் விட்டுவிட்டேன். 42 ஓட்டத்தையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினோம், இந்த முறை மூன்று இரவுகளில். பகலில் வாகனங்கள் வந்துபோகும் இடைஞ்சல் இரவில் இல்லை. கொசுதான் அதிகம். ஒவ்வோர் இரவும் கீழே இருந்தபடியே பைல்களை பென் டிரைவில் எடுத்து, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினோம். கட்டுரை கடைசி நாள் மாலை போய்ச் சேர்ந்தது. நான் செய்வதாக ஒப்புக்கொண்ட வரைபடம் போடும் வேலை அந்த எட்டு வாரத்தில் முடியவே இல்லை, சான்றிதழில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த மூன்று இரவும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அக்கா டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, ரோபோ மணி என்ன?" என்று கேட்பார். நான் திரையைப் பார்த்துச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் அடுத்த எண்ணை எழுதுவார்.